நாள் தெரியாதவருக்கு ஒரு விளக்கு

என் அக்காவின் நெற்றிப் பொட்டுக்காகக் கலியாண வீடுகளில் நான் பலரோடு முறைத்திருக்கிறேன். ஊரில் நடந்த யுத்தத்தின் கடைசி நாட்களில் சரணடைந்தவர்களோடு அத்தானையும் ஆமிக்காரர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்று சொன்னார்களாம். அதற்குப் பிறகு அவரைக் கண்டவர் எவருமில்லை. பிள்ளைகளும் இல்லை. அக்காவை நான்தான் ஸ்பொன்சர் செய்து ரொறொன்ரோவுக்கு எடுத்தேன். ஸ்காபரோவில் என் வீட்டு மேலறையில் இருக்கிறாள். இன்றும் பொட்டும் தாலியுமாய்த்தான் வெளியே வருவாள். அவள் கடந்து போனதும் சனம் குசுகுசுக்கும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஆனால் உள்ளுக்குள் எனக்கும் ஒரு ஆசை இருந்தது. அத்தான் இல்லை என்று நான் எப்போதோ நம்பிவிட்டேன். அவருக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க, பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு வைத்துப் படைக்க, ஒரு நாள் வேண்டும் என்று கிடந்து தவித்தேன். செய்யவேண்டியவன் நான்தான். நாள் தெரியாவிட்டால் ஒரு அமாவாசையை எடுத்துச் செய்யலாம் என்று கோயில் ஐயரும் சொல்லிவிட்டார். நான் பேச்சைத் தொடங்கினாலே அக்கா எழும்பி மேலே போய்விடுவாள்.

நான் மின்சார வேலை செய்பவன். எங்கள் கொம்பனிக்கு டவுன்ரவுனில் ஒரு பழைய யூதத் தொழுகைக்கூடத்தின் வயரிங் வேலை கிடைத்தது. ஒரு காலத்தில் அந்தத் தெருக்கள் முழுக்க யூதர்கள்தானாம். வசதி வந்ததும் வடக்கே பெரிய வீடுகளுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் வந்த புதிதில் இருந்த பார்க்டேலை விட்டு ஸ்காபரோவுக்கு வந்தது மாதிரித்தான். மிஞ்சிய சில கிழவர்களோடு அந்தச் செங்கல் கட்டடம் மழைக்கு ஒழுகிக்கொண்டு நின்றிருக்கிறது. இப்போது கொண்டோ அடுக்குமாடிகளில் குடியேறிய இளம் குடும்பங்கள் திரும்பி வருகின்றன. வாசலில் பிள்ளை வண்டிகளை நிறுத்தவே இடமில்லை. அதனால்தான் கூரையிலிருந்து நிலக்கீழ் அறை வரைக்கும் திருத்தம்.

வேலையை மேற்பார்த்தவர் சபையின் மூத்தவர் ஒருவர். ஐரோப்பாவில் பிறந்து, அங்கே நடந்த பெரிய யுத்தத்துக்குப் பிறகு சின்னப்பிள்ளையாகத் தாயோடு இங்கே வந்தவர். கையில் ஊன்றுகோல், வாயில் ஓயாத பகிடி. என் தலைக்கவசத்துக்குள் தங்களுடைய சின்னத் தொப்பியையும் வைத்துவிட்டு, "அது விழுகிற கல்லுக்கு, இது கடவுளுக்கு" என்றார்.

உள்சுவரில் ஒரு பெரிய பித்தளைப் பலகை இருந்தது. அதில் இறந்தவர்களின் பெயரும் நாளும் பொறித்த சிறு தகடுகள். ஒவ்வொரு தகட்டுக்கும் பக்கத்தில் ஒரு குட்டி பல்ப். அவரவர் இறந்த நாள் வரும்போது அந்த பல்ப் எரியவேண்டும். அவர்களுடைய மாதமும் சந்திரனைப் பார்த்துத்தான் பிறக்கிறது. எங்கள் திதியைப் போலவே ஆங்கிலத் திகதி வருடாவருடம் நகரும். அதைக் கேட்டபோது எனக்குச் சொந்தக்காரரைக் கண்ட சந்தோசம் வந்தது. பலகைக்குப் பின்னால் இருந்ததெல்லாம் துணி சுற்றிய பழைய வயர், தொட்டால் உதிர்ந்தது. எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாக இழுத்தேன்.

அப்படி இழுக்கும்போது, அருகருகே இருந்த இரண்டு தகடுகளில் ஒரே நாள் பொறித்திருப்பதைக் கண்டேன். இரண்டு பேரும் ஒரே நாளில் போனவர்களா என்று மூத்தவரிடம் கேட்டேன்.

"என் அப்பாவும் அம்மாவும். அப்பாவை யுத்தத்தில் கொண்டுபோனார்கள், என்ன நாள் செத்தார் என்று தெரியாது. தெரியாவிட்டால் என்ன, ஒரு நாளை நாங்களே எடுத்துக்கொள்ளலாம்" என்றார். சொல்லிவிட்டுப் பூச்சு வேலைக்காரரை ஏசப் போய்விட்டார்.

எனக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போனதும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் நுழைந்தேன். அக்கா பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நாள் தெரியாத ஆக்களுக்கு அவையளும் ஒரு நாளை எடுத்து விளக்குக் கொளுத்தினம். அதொண்டும் துரோகமில்லை."

"உவையள் ஆர் எனக்குச் சொல்ல?" என்றாள் நிமிராமலே. "நான் நாள் குறிச்சா, அவரைக் கொன்றது நானெண்டுதான் ஆகும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனேன்.

வேலை முடிந்து திறப்பு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள், ஸ்விட்சைக்கூடத் தொடமாட்டார்கள். வேலை செய்தவர்களையும் குடும்பத்தோடு கூப்பிட்டிருந்தார்கள். அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். விளக்கைக் கண்ணால் கண்டாலாவது மனம் மாறுவாள் என்று ஒரு கணக்கு. "சாப்பாடு போடுவினமோ?" என்று கேட்டபடி அவளும் காரில் ஏறினாள். என் தலையில் அந்தத் தொப்பியைக் கண்டதும் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுகாலம்.

மண்டபம் முழுக்கப் பிள்ளைகளின் இரைச்சல். நான் அக்காவை நேரே பலகைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, மூத்தவரின் தாய் தகப்பனின் இரண்டு தகடுகளையும் காட்டினேன். மூத்தவரிடம் அத்தானைப் பற்றிச் சொன்னேன். பகிடி விடுகிற மனிதர் ஊன்றுகோலில் சாய்ந்து அக்காவின் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உந்த நாளை ஆர் எடுத்ததெண்டு கேள். தாய்க்காரியோ?" என்றாள் அக்கா.

கேட்டேன். நான் வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

"அம்மாவா?" என்றார் அவர். "அம்மா இருக்கும்வரை அப்பாவின் பேரை இந்தச் சுவரில் ஏற்ற விடவில்லை. சாப்பாட்டு மேசையில் அவருக்கும் ஒரு தட்டு வைப்பாள். நான் கத்திச் சண்டை பிடித்திருக்கிறேன். அவள் போனபிறகுதான் அவளுடைய நாளையே அப்பாவுக்கும் எடுத்தேன். வேறு எந்த நாளை எடுப்பது?"

மாற்றிச் சொல்லியிருக்கலாம். அக்காவுக்கு அவ்வளவு இங்கிலீஷ் ஓடாது. ஆனால் அவர் கண்கலங்கி நின்றார், என்னால் பொய் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா அவரைப் பார்த்துக் கைகூப்பினாள். பிறகு போய் ஒரு தட்டில் சாப்பாடு போட்டு, ஆறுதலாக இருந்து சாப்பிட்டாள்.

திரும்பி வரும்போது, ஹைவேயில் ஏறியதும் அக்கா கூப்பிட்டாள்.

"தம்பி."

"சொல்லு."

"நான் போனாப்பிறகு செய். என்ர திதியிலேயே அவருக்கும் சேர்த்துச் செய். ஐயரிட்டை இப்பவே சொல்லி வை."

"ஓம் அக்கா."

"அதுவரைக்கும் என்னை இனிக் கேக்காதை."

அதற்கும் ஓம் என்றேன். கண்ணில் நீர் முட்டி முன்னால் போன வாகனங்கள் கலங்கித் தெரிந்தன. இத்தனை வருடமாக அத்தானுக்கு ஒரு நாள் வேண்டும் என்று நின்றவன் நான். இப்போது ஒரு நாள் கிடைத்துவிட்டது. அந்த நாள் வரவே கூடாது என்று தினமும் கும்பிடுகிறேன்.