மான்கில் எழுதிக் கொடுத்த எதிர்ப்பு

அமைச்சர்கள் பேச வேண்டியதை எழுதிக் கொடுப்பதுதான் ஓக் மான்கிலின் வேலை. சேஜோங் நகரத்தில், பாம்பு மாதிரி வளைந்து கிடக்கும் அரசுக் கட்டடத்தின் வால் பக்கத்தில் தீவு நல அமைச்சகம் இருந்தது. அங்கே சன்னலோர மேசையில் உட்கார்ந்து பல அமைச்சர்களின் முதல் உரையையும் கடைசி உரையையும் அவன் எழுதியிருக்கிறான். முதல் உரையில் "பொறுப்பின் கனத்தை உணர்கிறேன்" என்று இருக்கும். கடைசி உரையில் "உணர்ந்தேன்" என்று இருக்கும். வாழ்த்தி வந்த ஆர்க்கிட் தொட்டிகளில் பூ உதிர்வதற்குள் பதவி உதிர்ந்த அமைச்சரும் உண்டு. அவருக்கும் மான்கில் ஒரு குறையும் வைக்கவில்லை. போகும்போது அவர் கண் கலங்கினார் என்றால், எந்த வரியில் கலங்க வேண்டும் என்று மான்கில் எழுதி வைத்திருந்தான்.

அவன் வேலையில் ஒரு பிழை கண்டுபிடித்தவர் கிடையாது. சின்ன வயதிலிருந்தே அப்படி. தென்கடலில் கல்மேதோ என்ற தீவில் பிறந்தவன். கரையிலிருந்த பள்ளிக்குத் தினமும் படகில் போய் வருவான். வீட்டுக்கு வந்ததும் அக்கா போக்சுன்னிடம் அன்றைய படகின் கதையைச் சொல்வான். "அக்கா, இன்னிக்குப் பாதி பெஞ்சு காலி. காத்தை ஏத்திக்கிட்டுப் போறதுக்கு எதுக்கு இவ்ளோ எண்ணெய்?" அக்கா சிரிப்பாள். கடற்பாசி அறுத்தும் நெத்திலி காய வைத்தும் அவனைப் படிக்க வைத்தவள் அவள்தான். அவன் அரசுத் தேர்வில் வென்றபோது, "ஓக் குடும்பத்து இளைய மகன் மான்கிலுக்கு வாழ்த்துகள்" என்று ஊர் இளைஞர் சங்கம் படகுத்துறையில் பேனர் கட்டியது. அந்தச் சங்கத்தில் மிக இளையவருக்கு அறுபது வயது. பிறகு அவன் ஒவ்வொரு படி ஏறியபோதும் ஒரு பேனர் வந்தது. காற்று கிழிப்பதற்குள் போக்சுன் அவற்றை அவிழ்த்துக் கொண்டுவந்து, மழை நாளில் காயும் நெத்திலிமேல் போர்த்துவாள். தம்பியின் பெருமை ஒரு சொட்டுத் தண்ணீரை உள்ளே விடாது என்று அண்டை வீட்டாரிடம் சொல்லிக்கொள்வாள்.

அந்த வருடம் புதிய அதிபர் அமைச்சரவைக் கூட்டத்தை நேரலையில் காட்டச் சொன்னார். செவ்வாய்க்கிழமை காலையில் நாடே பார்த்தது. நீள்வட்ட மேசையைச் சுற்றி அத்தனை அமைச்சர்களும் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். தேர்வு அறையில்கூட யாராவது ஒருவன் மோட்டுவளையைப் பார்ப்பான். இங்கே ஒருவரும் நிமிரவில்லை.

அதிபர் பேச்சை நிறுத்தினார். "நான் சொல்றதை எழுதி எனக்கே திருப்பிக் குடுக்கிறதுக்கு நீங்க எதுக்கு? அடுத்த செவ்வாய்க்கிழமை ஒருத்தர் கையிலும் காகிதம் இருக்கக் கூடாது. மனசுல பட்டதைப் பேசணும். எதிர்ப்பும் வரணும். எதிர்ப்பே இல்லாத அமைச்சரவை எனக்கு வேண்டாம்."

அமைச்சர்கள் அதையும் எழுதிக்கொண்டார்கள்.

மறுநாளே மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. தலைப்பு: "சுதந்திர விவாதத்தை நடத்தும் முறை." தானாக எழும் கேள்விகளை வியாழக்கிழமைக்குள் அனுப்பி வைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. வியாழக்கிழமை துணை அமைச்சர்கள் கூடினார்கள். எதிர்ப்பை யார் தெரிவிப்பது என்பதைத் தவிர மற்றதெல்லாம் சீக்கிரம் முடிந்தது.

மான்கிலின் மேலதிகாரி பியோன், துணை அமைச்சரோடு அந்தக் கூட்டத்துக்குப் போய்வந்தவர். சாயங்காலம் நேராக மான்கிலின் மேசைக்கு வந்தார்.

"நிதிக்காரங்க, 'ஆணையைக் கொண்டு வர்றதே நாங்க, நாங்களே எப்படி எதிர்க்கிறது'ன்னுட்டாங்க. வெளியுறவுக்காரங்க, 'நாங்க எதிர்த்தா நாலு தூதர் போன் பண்ணுவாங்க'ன்னாங்க. சட்டத்துறை எதிர்த்தா யாரையோ பிடிச்சு உள்ள போடப் போறாங்கன்னு பேச்சு வரும். பாதுகாப்புத் துறை எதிர்த்தா அதுக்குப் பேரே வேறய்யா. மேசையில கடைசி நாற்காலி நம்மளது. நம்ம தலையில கட்டிட்டாங்க."

"எதை எதிர்க்கணும் ஐயா?"

"தீவுப் படகு மானியத்தைக் குறைக்கிற ஆணை. நம்ம துறைதானே, பொருத்தமா இருக்கும்னாங்க."

அந்த ஆணை நிறைவேறினால், ஆள் குறைந்த தீவுகளுக்குத் தினமும் போகும் படகு வாரத்தில் இரண்டு நாள் மட்டும் போகும். பட்டியலில் கல்மேதோவும் இருந்தது. அமைச்சகத்தின் சம்மதக் கடிதத்தை எழுதியவனே அவன்தான். அக்காவிடம் அதைச் சொல்லவில்லை.

"நாமதான் சம்மதம்னு எழுதிக் குடுத்தாச்சே ஐயா?"

"காகிதத்துல சம்மதம், வாயில எதிர்ப்பு. அதிபர் கேட்டது வாயைத்தானே? நல்லா எழுது, ஓக். எதிர்ப்பு காரமா இருக்கணும். ஆனா ஜெயிச்சிடக் கூடாது."

அக்கா வீட்டுக்குச் செய்தி அதற்குள் போய்விட்டிருந்தது. மான்கில் போன் செய்தபோது, சாப்பிட்டாயா என்றுகூட அவள் கேட்கவில்லை.

"டேய், படகை நிறுத்தப் போறாங்களாமே. கேப்டன் சொல்றாரு. நீ அங்கதானே உக்காந்திருக்க? என்ன பண்ணிக்கிட்டிருக்க?"

"எதிர்க்கப் போறோம் அக்கா. செவ்வாய்க்கிழமை டிவியில பாரு. எங்க அமைச்சர் பேசுவாரு. எழுதுறது நான்."

"அப்ப சரி. நீ எழுதினா எவனும் மறுத்துப் பேச முடியாது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அடுத்த இரண்டு நாளும் மான்கில் எழுதியதுபோல அவன் எந்த அமைச்சருக்கும் எழுதியதில்லை. விடியலில் கூடையோடு படகுத்துறைக்கு வரும் ஒரு பெண்ணை எழுதினான். அவள் கூடையில் இருப்பது மத்தியானத்துக்கு முன்னால் கரையின் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தால் கடற்பாசி, அதற்குப் பிறகு குப்பை. கடைசியில் ஒரு வரி: "அந்தத் தீவுக்காரர்கள் அரசாங்கத்தை வேறெங்கும் பார்த்ததில்லை. தினமும் காலையில் துறைக்கு வருகிற படகுதான் அவர்களுக்கு அரசாங்கம்."

முடித்து நிமிர்ந்தபோது நிதி அமைச்சகத்திலிருந்து தொலைபேசி வந்தது. குரல் தேனாக இருந்தது.

"நீங்கதான் எதிர்ப்பு எழுதுறீங்களாம். என்னென்ன வரும்னு உங்களுக்குத்தானே தெரியும். எங்க அமைச்சர் சொல்ல வேண்டிய பதிலையும் நீங்களே எழுதிட்டீங்கன்னா ரெண்டு வீட்டுக்கும் வேலை மிச்சம்."

மான்கில் பியோனைப் பார்த்தான். பியோன் கையை விரித்தார். "எழுதிக் குடுத்துடு. அடுத்த வருஷத்துக்கு நமக்குப் பணம் ஒதுக்கப் போறது அவங்கதான்."

ஒரு ஓட்டைப் பதிலை எழுதி அனுப்பியிருக்கலாம். முதலில் அப்படித்தான் எழுதினான். தேர்ந்தெடுத்து ஒரு ஓட்டை வைத்தான், யார் இழுத்தாலும் பிரிந்துவிடும்படி. பிறகு அதைப் படித்துப் பார்த்தான். பொத்தான் மாற்றிப் போட்ட சட்டையோடு தெருவில் நிற்பதுபோல இருந்தது. தன் கையால் எழுதியது இப்படி வெளியே போவதா? ஓரிடத்தை மட்டும் சரிசெய்தான். அதைச் சரிசெய்ததும் அடுத்தது கண்ணை உறுத்தியது. எல்லாம் நேரான பிறகு, ஒரு வரி தானாக வந்து விழுந்தது: "நாம் மக்களை ஏற்றிச் செல்லவில்லை, காலி பெஞ்சுகளுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்." அது விழுந்த கணத்தில் அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அனுப்பிவிட்டு, அதிபருக்கும் மனசு என்று ஒன்று இருக்கும், அக்காவின் கூடை அதைத் தொடும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

திங்கட்கிழமை ஒத்திகை. அமைச்சர் தாக் ஜுன்யோங் தொலைக்காட்சி விவாதங்களில் பேசிப் பேசி அமைச்சரானவர். நல்ல மனிதர். படகு என்றாலே குமட்டும் என்பதால் எந்தத் தீவையும் பார்த்ததில்லை. பியோன் அதிபராக உட்கார்ந்தார். மான்கில் நிதி அமைச்சராக உட்கார்ந்தான்.

"இந்த இடத்துல கொஞ்சம் திணறணும் ஐயா," என்றார் பியோன். "அப்பதான் மனசுலேர்ந்து வந்த மாதிரி இருக்கும்."

"எவ்ளோ திணறணும்?"

"நெத்தியை ஒரு தடவை தேய்ச்சா போதும்."

அமைச்சர் தேய்த்தார். கூடைக்காரப் பெண்ணின் பகுதி வந்தபோது நிஜமாகவே திணறினார். "இப்படி ஒரு அம்மா உண்மையிலேயே இருக்காங்களா?"

"எங்க அக்காங்க ஐயா."

"பேரைச் சொல்லட்டுமா?"

"வேண்டாம் ஐயா," என்று பியோன் குறுக்கிட்டார். "பேர் சொன்னா அப்புறம் அவங்களுக்கு ஏதாவது செய்ய வேண்டி வந்துடும்."

பிறகு மான்கில் நிதி அமைச்சரின் பதிலைச் சொன்னான். அமைச்சர் தாக் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "அடேயப்பா. இதுக்கு மேல என்ன பேசுறது? அவங்ககிட்டயும் கெட்டிக்காரங்க இருக்காங்க போல." பியோன் தொண்டையைச் செருமிக்கொண்டார். மான்கில் தரையைப் பார்த்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில் கல்மேதோவின் ஊர்க் கூடத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. போக்சுன் முன்வரிசையில் இருந்தாள். சேஜோங்கில் மான்கிலின் பிரிவு முழுவதும் தொலைக்காட்சியைச் சுற்றி நின்றது.

அமைச்சர் தாக் பேசினார். நெற்றியைத் தேய்த்தார். கூடையைச் சொன்னார், மத்தியானத்தைச் சொன்னார், படகுதான் அரசாங்கம் என்றார். கூட்ட அறையில் ஏசி ஓடும் சத்தம் கேட்டது. அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மான்கில் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"இது!" என்றார் அதிபர். "இதைத்தான் நான் கேட்டேன். எதிர்ப்புன்னா இப்படி இருக்கணும். மத்தவங்களும் கத்துக்கணும்."

மற்ற அமைச்சர்களின் கைகள், காகிதம் இல்லை என்பதை மறந்து, சட்டைப்பையில் பேனாவைத் தேடின.

பிறகு நிதி அமைச்சர் எழுந்தார். மனப்பாடம் செய்தது தெரியாமல் அழகாகவே பேசினார். காலி பெஞ்சுகளுக்குச் சம்பளம் என்றபோது மேசையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. அதிபரும் சிரித்தார்.

"பதிலும் பிரமாதம். விவாதம்னா இதுதான். நம்ம ஜனநாயகம் இன்னிக்கு ஒரு படி ஏறியிருக்கு. சரி, ஆணைக்கு யாருக்காவது ஆட்சேபம் உண்டா?"

"இல்லை" என்று எல்லோரும் சொன்னார்கள். அமைச்சர் தாக்கின் குரல்தான் உரக்கக் கேட்டது. அதிபர் சுத்தியலை மூன்று முறை தட்டினார். ஆணை, ஒரு சொல்லும் மாறாமல், நிறைவேறியது.

மான்கிலின் பிரிவில் கைதட்டல் எழுந்தது. பியோன் அவன் முதுகில் தட்டினார். "ஜெயிக்கவும் இல்ல, தோற்கவும் இல்ல. கச்சிதம்யா!"

அந்த மாத முடிவில் ஒவ்வொரு அமைச்சகத்திலும் ஓர் எதிர்ப்புப் பிரிவு அமைக்கும்படி உத்தரவு வந்தது. முதன்முதலில் எதிர்ப்பு தெரிவித்த அமைச்சர் என்று தாக் ஜுன்யோங் பத்திரிகைகளில் வந்தார். அடுத்த அமைச்சரவை மாற்றத்தில் அவர் பதவி போனது. கடைசி உரையில், "பொறுப்பின் கனத்தை உணர்ந்தேன்" என்று சொல்லி, சரியான வரியில் கண் கலங்கினார். மான்கில் எதிர்ப்புப் பிரிவின் தலைவனாக உயர்த்தப்பட்டான். ஓக் குடும்பத்தில் அதுவரை யாரும் அந்த உயரத்தைத் தொட்டதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அக்காவுக்குப் போன் செய்ய அவனுக்குத் தைரியம் வரவில்லை. அவளே செய்தாள்.

"இளைஞர் சங்கம் பேனர் கட்டியிருக்கு. முந்தினதைவிடப் பெரிசு. 'எதிர்ப்புப் பிரிவுத் தலைவர் ஓக் மான்கிலுக்கு வாழ்த்துகள்'. கரையில அச்சடிச்சு திங்கட்கிழமைப் படகுல வந்துச்சு. துறையில யாரும் இல்லாததால நல்லாத் தெரியுது."

"அக்கா…"

"டிவியில பார்த்தேன்டா. கூடைக்காரி பேச்சு வந்தப்ப ஊரே அழுதுச்சு. நானும்தான். அப்புறம் அந்த இன்னொருத்தன் எழுந்து காலி பெஞ்சுன்னான் பாரு, நான் அழுகையை நிறுத்திட்டேன்."

மான்கில் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தான்.

"இந்த ஊர்ல பெஞ்சை எண்ணுன பய ஒருத்தன்தான் இருந்தான்," என்றாள் போக்சுன். "ரெண்டும் நீதானே எழுதின?"

"ஆமா அக்கா."

"ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சு." அவள் குரலில் பெருமை இருந்தது. அதை அவளால் மறைக்க முடியவில்லை. "அதான்டா வயிறு எரியுது. ஒண்ணையாவது மோசமா எழுதக் கூடாதா?"

"முயற்சி பண்ணேன் அக்கா. வரல."

"வராது. உனக்கு எப்படி வரும்?" நெடுமூச்சு ஒன்று கேட்டது. பிறகு பாசி அறுக்கிறவளின் குரல் திரும்பி வந்தது. "சரி, கேளு. இப்பல்லாம் பச்சையா எதையும் சந்தைக்கு அனுப்ப முடியல. வர்ற மீனு, பாசி அத்தனையும் காயத்தான் போடணும். முற்றம் பூரா விரிச்சுக் கிடக்கு. நேத்து மழையில உன் பேனர் எல்லாத்தையும் போர்த்தியும் பாதி நனைஞ்சு போச்சு. துணி பத்தல."

"நான் தார்ப்பாய் வாங்கி அனுப்பறேன் அக்கா."

"எதுல அனுப்புவ? அதெல்லாம் வேண்டாம். உனக்கு அடுத்த பதவி உயர்வு எப்போன்னு மட்டும் சொல்லு."