சந்தனம் கலையக் கூடாதாம்

என் வீட்டுக்காரர் பழனியில் மொட்டை போட்டதற்குக் காரணமே அவருடைய மண்டைதான். போன மழைக்காலத்தில் ஒருநாள், கொடைக்கானல் நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து பால் வாங்க வண்டியை எடுத்தார். "இந்தா, தெருமுனைக்குத்தான" என்று ஹெல்மெட்டை ஆணியிலேயே விட்டுவிட்டுப் போனார். மலையில் எல்லாருக்கும் இந்த வியாதி உண்டு. கீழே இறங்கினால்தான் ஹெல்மெட், ஊருக்குள் எதற்கு என்பார்கள். ஊருக்குள் இருக்கும் ரோட்டை மட்டும் பஞ்சிலா போட்டிருக்கிறார்கள்? பாசி படிந்த வளைவில் வண்டி வழுக்கி, பின்மண்டை கல்லில் மோதியது. பெரிய வேகம்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தவர் என்னைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து எனக்குக் கிடைக்காத மரியாதை. அன்றைக்கு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. இன்னொரு அடி பட்டால் இந்த மூளை தாங்காது, ஹெல்மெட் இல்லாமல் வண்டியைத் தொடவே கூடாது என்று டாக்டர் அம்மா எங்கள் இரண்டு பேரிடமும் சொன்னார். இவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் முருகனுக்கு மொட்டை என்று வேண்டிக்கொண்டார். தலையைக் காப்பாற்றியவருக்கு முடி. நியாயம்தானே என்று நானும் சந்தோஷமாகவே கிளம்பினேன். இறங்கும்போது இரண்டு பேரும் ஹெல்மெட் போட்டிருந்தோம்.

மொட்டை போட்டு, குளித்து, தலை முழுக்கச் சந்தனம் பூசி, மலையேறிச் சாமி பார்த்துவிட்டு வண்டியருகே வந்தோம். ஹெல்மெட்டை நீட்டினேன். மனுஷன் பாம்பைக் கண்டவர் மாதிரி பின்வாங்கினார்.

"சந்தனம் கலைஞ்சிரும்."

"கலையட்டும்."

"சாமி சந்தனம்டி. அதுமேல போயி இதக் கவுக்கச் சொல்லுற? வீடு வரைக்கும் அப்பிடியே போகணும்."

பக்கத்தில் தேங்காய்ப் பழக் கடைக்காரர் வேறு பஞ்சாயத்துக்கு வந்துவிட்டார். "விடுங்கம்மா, முருகனே தலையில உக்காந்திருக்காரு. ஒண்ணும் ஆகாது."

"அப்ப அவரையும் சேத்து ஹெல்மெட்டுக்குள்ள உக்கார வைங்க" என்றேன். கடைக்காரர் முகம் சுண்டிப்போயிற்று.

சந்தனத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒருத்தருக்காவது தோன்ற வேண்டுமே! ஆத்திரத்தில், நான் வண்டியில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மிரட்டினால் வழிக்கு வருவார் என்று நினைத்தேன்.

"சரி, நீ பஸ்ஸுல வெரசா வந்துரு" என்றவர், ஹெல்மெட்டைப் பத்திரமாகக் கண்ணாடிக் கம்பியில் மாட்டிக்கொண்டு கிளம்பியே போய்விட்டார்.

நான் என் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு கொடைக்கானல் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பார்க்கிறவர்கள் என்ன நினைத்தார்களோ. பஸ் மேலே ஏற ஏற மழை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு வளைவிலும் ஒரு மஞ்சள் மண்டை தெரிகிறதா என்று கழுத்தை நீட்டினேன். திட்டிக்கொண்டேதான் நீட்டினேன். பாதி மலையில், ரோட்டோரத் தடுப்புச்சுவரை ஒட்டி எங்கள் வண்டி நின்றது. ஆளைக் காணோம். சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளம்.

நான் கத்திய கத்தலில் டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிட்டார். கண்டக்டர் திட்டத் திட்ட இறங்கி மழையில் ஓடினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தை எட்டிப் பார்த்தேன்.

"ஏய், இங்கன இருக்கேன்!"

எதிர்ப்பக்கம் ஒரு தகரக் கூரை டீக்கடை. சந்தனமெல்லாம் மழையில் கரைந்து சட்டையில் மஞ்சளாக வழிந்திருந்தது. தலையில் ஹெல்மெட். வாரைக்கூட ஒழுங்காக மாட்டியிருந்தார். அதன் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் புத்தி வந்துவிட்டதே என்று அத்தனை கோபமும் இறங்கிவிட்டது.

"போட்டுக்கிட்டீங்களா?"

"மொட்டத் தலைல என்னா குளிருங்கிற! இதப் போட்டதும் கதகதன்னு கெடக்கு."

டாக்டர் சொன்னதற்காக இல்லை, நான் கத்தியதற்காக இல்லை. குளிருக்காக. அடிப்பதா கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. பழனி இருக்கும் திசையைப் பார்த்து அந்த மழையிலேயே கையெடுத்துக் கும்பிட்டேன்.

"இப்ப என்னா வேண்டுதல்?" என்றார்.

"மாசாமாசம் உங்களுக்கு மொட்டை" என்றேன்.