கேட்டில் கழற்றும் பட்டை

திருத்தங்கல் பேருந்தில் மாலைதோறும் ஒரு பட்டாசுத் தொழிலாளி அக்கா என் பக்கத்தில் உட்காருவார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணியிருக்கும். கையில் கட்டினால் வலி குறைகிறதா என்று சோதித்துப் பார்க்க ஆஸ்பத்திரியில் ஒரு மின்பட்டை கொடுத்திருந்தார்கள். உட்கார்ந்ததும் மணிக்கட்டை நீட்டுவார். நான்தான் மாட்டிவிடுவேன்.

"வேலை நேரத்துலதானக்கா வலி சாஸ்தி?"

"பேட்டரி இருக்குல்ல தம்பி. கேட்டுலயே கழட்டி வாங்கிருவாக. வெடிமருந்துல ஒரு பொறி பட்டா அம்புட்டுப் பேரும் போயிருவோம்."

ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன். பிடிக்க முடியாமல் மடியில் வைத்து ஸ்பீக்கரில் பேசினார். பட்டையால் பலன் தெரிகிறதா என்று கேட்டார்கள்.

"ஞாயித்துக்கெழம நல்லாக் கேக்குதுங்க."

சந்தோஷம் என்று வைத்துவிட்டார்கள். மற்ற நாட்களைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை. எனக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை.