ஒளித்து வைத்த நாற்காலி

ஆட்டுக்கால் சூப் என்றால் எனக்கு இப்போதும் குமட்டும். நரம்பு நோயில் என் கால்கள் தளரத் தொடங்கியதும், சொந்தத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் அதைத்தான் குடிக்கச் சொன்னார்கள். கல்வராயன் மலைக்குப் போன ஒருவர் ஏதோ வேர் எண்ணெய் வாங்கி வந்தார். தேய்த்தால் வீடே நாறும். இந்த நோய் போகாது, இதோடுதான் வாழ வேண்டும் என்று புதுச்சேரி டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அதை மட்டும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுச் சுவரில் என் கை உயரத்துக்கு ஓர் அழுக்குக் கோடு உண்டு. நான் பிடித்துப் பிடித்து நடந்த கோடு. சுவர் முடிகிற இடத்திலிருந்து பாத்ரூம் வரை அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும். முப்பது வயதைத் தாண்டியவள், அம்மாவின் வியர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பாத்ரூம் போவது இருக்கிறதே, அந்த அருவருப்பு எந்த எண்ணெய்க்கும் போகாது.

நான் ஆரி வேலை செய்கிறவள். கல்யாண ப்ளவுஸ்களில் மணியும் ஜரிகையும் வைத்துப் பூப்போடுவது. கால்தான் போயிற்றே தவிர கை நன்றாக இருந்தது. அப்பா இல்லாத எங்கள் வீடு அந்தக் கையில்தான் ஓடியது. அந்தக் காசிலேயே ஒரு சக்கர நாற்காலி வாங்கினேன். வந்த அன்றே நானே உருட்டிக்கொண்டு பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உள்ளே உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில்.

வெளியே அம்மாவும் அழுதுகொண்டிருந்தாள். அது வேறு அழுகை.

"இதுல குந்திட்டன்னா அப்புறம் எந்திரிக்கவே மாட்டடி" என்றாள். நாற்காலியில் உட்காருவதால்தான் கால் போகிறது என்பது அவள் கட்சி. ஆனால் அடுத்த வாரமே கேஸ் சிலிண்டரை அதில் ஏற்றித் தெருமுனையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்ததும் அவள்தான்.

அப்போதுதான் திருக்கோவிலூரிலிருந்து என் தங்கையைப் பெண் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது.

"அவங்க வரப்ப நீ இதுல குந்திக்கினு இருந்தா இன்னா நெனப்பாங்க? பரம்பரை வியாதின்னுட்டுப் போய்க்கினே இருப்பாங்க. ஒரு மணி நேரம்டி. பெரியவளுக்கு ஜொரம், படுத்துக்கினு கீறான்னு சொல்லிக்கிறேன்" என்றாள் அம்மா. தங்கை நகத்தைப் பிய்த்துக்கொண்டு நின்றாள். அவள் வாழ்க்கையாயிற்றே என்று நானும் சரி என்றேன்.

நாற்காலி பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. நான் பின் ரூம் கட்டிலுக்குப் போனேன். கட்டிலுக்கு அடியில் அம்மா ஒரு பழைய பெயின்ட் டப்பாவை வைத்தாள். "அவசரம்னா இதுல போய்க்கோ." உள்ளே பச்சைப் பெயின்ட் காய்ந்து செதில் செதிலாக ஒட்டியிருந்தது.

அவர்கள் நேரம் கழித்து வந்தார்கள். கதவிடுக்கு வழியாகப் பஜ்ஜி வாசனையும் சிரிப்பும் வந்தன. எனக்கு அடிவயிறு முட்டியது. காலைக் கட்டிலிலிருந்து கீழே விடப் பார்த்தேன். அது யாருடைய காலோ போலக் கிடந்தது.

"ப்ளவுஸு வேலை சூப்பரா கீதே, எங்க போட்டீங்க?" மாப்பிள்ளையின் அம்மா கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது. தங்கை போட்டிருந்தது நான் கண் எரிய எரிய வேலை செய்த மயில் கழுத்துப் பச்சை ப்ளவுஸ்.

"கடையில குடுத்துப் போட்டதுங்க" என்றாள் அம்மா.

அந்த நேரம் பார்த்து என்னால் அடக்க முடியாமல் போயிற்று. பாவாடை, மெத்தை எல்லாம் நனைந்து, முதலில் சூடாக, பிறகு சில்லென்று. அந்த ஈரத்திலேயே கிடந்தேன். நாற்றத்தைவிட அந்தப் பதில்தான் எனக்குக் குமட்டியது.

அவர்கள் போன பிறகு நாற்காலி திரும்பி வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் அதன் மேல் கருவாட்டுக் கூடையை வைத்திருந்தார்கள். மெத்தை உறையைத் துவைக்கப் போட்டுக்கொண்டே அம்மா சொன்னாள்: "கல்யாணத்தன்னிக்கும் உன்ன முன்னாடியே ஒரு பிளாஸ்டிக் சேர்ல குந்த வச்சிடலாம். யாருக்கும் தெரியாது." எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

சில நாட்களில் மாப்பிள்ளையின் அம்மா ஃபோன் செய்தார். சம்பந்தம் பிடித்துவிட்டது. பின் ரூம் கதவு திறந்திருந்தது; கூடத்தில் அம்மா ஸ்பீக்கரில் போட்டுக் குழைந்து குழைந்து பேசினாள்.

"அந்த ஆரி கடை எங்கங்க கீது? கல்யாண ப்ளவுஸையும் அங்கயே குடுத்துடலாம். நானே நேர்ல வந்து டிசைன் சொல்றேன்."

அம்மா நெருப்பைத் தொட்டவள் மாதிரி ஃபோனைத் தங்கையிடம் தள்ளினாள், ஏதாவது கடைப் பெயரைச் சொல் என்று வாயசைத்தாள். தங்கை அவளையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு நேராகப் பின் ரூமுக்கு வந்து, கருவாட்டு வீச்சம் போகாத நாற்காலியில் ஊசியோடு உட்கார்ந்திருந்த என் மடியில் ஃபோனை வைத்தாள்.

"நீயே சொல்லுக்கா."

அம்மா ரூம் வாசற்படியில் நின்று வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

"நான் பொண்ணோட அக்கா பேசறேங்க" என்றேன். "கடை எங்க வூட்டுலதாங்க கீது. வாங்க. வாசல்ல சக்கர நாற்காலில நான்தான் குந்திக்கினு இருப்பேன்."