இரண்டு தட்டு

பொழுது சாய்வதற்குள் கடைசிப் பகுதி கைக்கு வராவிட்டால் வேறொருவரை வைத்து எழுதிக்கொள்வதாகத் தயாரிப்பாளர் பிரபாகர் சொல்லியிருந்தார். அப்படி நேர்ந்தால் நாடகத்தின் முகப்பில் கோகிலவாணியின் பெயர் இராது. திருச்செங்கோட்டில் பஸ் ஏறிச் சேலத்து ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது அவர் கையில் முடிவு எதுவும் இல்லை. பிரபாகரின் முடிவு கூடாது என்ற உறுதி மட்டும் இருந்தது.

கோகிலவாணி வணிகவியல் படித்தவர். போர்வெல் வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கும் கடையில் பில் போடுகிறார். கணவர் பூபதி, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் டிரில்லர். ஆண்டின் பெரும்பகுதியை மத்தியப் பிரதேசத்தில் கழிப்பவர். கடையில் கூட்டம் குறையும் வேளைகளில் கோகிலவாணி செல்பேசியில் எழுதத் தொடங்கிய மாயாஜாலக் கதை, ஒரு செயலியில் ஒலி நாடகமாகி, லாரி ஓட்டுவோரும் தறி ஓட்டுவோரும் காத்திருந்து கேட்கும் தொடராக வளர்ந்திருந்தது.

மலைக்கோட்டை இளவரசி மேகலைக்கு ஒரு சாபம். எவனிடம் தன் காதலைச் சொல்கிறாளோ, அவன் கல்லாகிவிடுவான். அவள் நேசிப்பதோ மதிலைக் காக்கும் பரிதியை. எப்போதுதான் சொல்வாள் என்று நேயர்கள் மாதக்கணக்கில் கேட்டு எழுதினார்கள். ஒரு முனிவர் வந்து சாபத்தை நீக்கட்டும், இருவரும் மனம் திறந்து பேசட்டும் என்பது பிரபாகரின் யோசனை. இத்தனை நாள் காத்திருந்தது வீண் என்று தோன்றிவிட்டால் கேட்பவர் எதையும் மன்னிக்கமாட்டார் என்பது கோகிலவாணியின் கட்சி.

"வழியில போற முனிவரு எடுத்துடற சாபத்துக்காங்க இத்தன நாளா பயந்தாங்க? ஏமாத்திப்போட்டாங்கன்னு சொல்லுவாங்க சார்."

"சொல்லாமயே முடிச்சா மட்டும் மாலை போடுவாங்களா? உங்க முடிவச் சொல்லுங்கம்மா, எடுத்துக்கறேன்."

கோகிலவாணி செல்பேசியில் ஒரு வரி எழுதி, அதையும் அழித்தார். மேகலைக்குக் குரல் கொடுக்கும் ஷாலினி கண்ணாடிக்கு அப்பால் காத்திருந்தார். பிரபாகர் மாற்று எழுத்தாளரைத் தொலைபேசியில் அழைத்து, தயாராக இருக்கும்படி கூறினார். குரலைத் தாழ்த்தவும் இல்லை.

அந்நேரத்தில் பூபதியின் அழைப்பு வந்தது. கம்ப்ரசர் இரைச்சலில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. பிறகு இரும்புக் குழாயில் ஸ்பேனரால் இரண்டு தட்டு, அழைப்பு நின்றது. பேச முடியாதபோதெல்லாம் பூபதி செய்வது அதுதான். நான் நலம், நீ வேலையைப் பார் என்று அதற்குப் பொருள். மணமான புதிதில் தொடங்கிய வழக்கம்.

கோகிலவாணி செல்பேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. நாடகத்தின் தொடக்கத்திலிருந்தே பரிதி மதிலைச் சுற்றி வரும்போது மேகலையின் சாளரத்தடியில் ஈட்டிக் காம்பால் கல்லில் இருமுறை தட்டுவான். இந்தப் பக்கம் அச்சமில்லை, உறங்கு என்பது அதன் பொருள். காவலனின் நடமாட்டத்தைக் காதுக்குக் காட்டவே அதை எழுதியதாக அவர் இதுவரை எண்ணியிருந்தார்.

அங்கேயே அமர்ந்து எழுதினார். பகைவர் முற்றுகை. காயம்பட்ட பரிதி, கண்மூட அஞ்சி மதிலடியில் கிடக்கிறான். மேகலை இறங்கி வந்து, நழுவிக் கிடக்கும் ஈட்டியை எடுக்கிறாள். வாய் திறந்தால் அவன் கல்லாவான். மதிலைச் சுற்றி வந்து, அவன் தலைமாட்டில் நின்று இருமுறை தட்டுகிறாள். அவன் மூச்சு சீராகிறது, உறங்கிவிடுகிறான். சாபம் அப்படியே இருக்கிறது.

பிரபாகர் படித்து முடித்தார்.

"ஷாலினிக்கு ஒரு வசனம்கூட இல்லயே. கேக்கறவங்களுக்குப் புரியுமா?"

"அவன் தட்டித் தட்டிக் காவக் காத்தத மொதல்லருந்து கேட்டவங்க சார். இப்பத் தட்டறது அவ. இதுக்கு மேல என்னத்தச் சொல்லச் சொல்றீங்க?"

ஒருமுறை பதிவு செய்து பார்ப்பது, சரிவராவிட்டால் முனிவர்தான் என்று பிரபாகர் நிபந்தனை விதித்தார். தட்டுவதைத் தாமே செய்வதாக ஷாலினி, ஈட்டியின் ஒலிக்கென வைத்திருந்த கம்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பின்னணியில் வயலின் ஒலித்தது. காலடிகள் நெருங்கின, நின்றன. நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு இரண்டு தட்டு.

பிரபாகர் வயலின் ஒலியை முற்றிலும் இறக்கினார்.

"இன்னொரு தடவ தட்டும்மா. மியூசிக் வேண்டாம்."

மாற்று எழுத்தாளர் வரத் தேவையில்லை என்று அவர் தெரிவித்ததைக் கோகிலவாணி வெளியே நின்று கேட்டார்.

அப்பகுதி வெளியான மறுநாள் பூபதி கடைக்கே அழைத்தார். ரிக் நின்றிருந்தது, குரல் தெளிவாகக் கேட்டது.

"ஏம்புள்ள, என்ற தட்ட என்னயக் கேக்காமயே எடுத்துக்கிட்டயா?"

கோகிலவாணி, விற்பனைக்கு வைத்திருந்த ஸ்பேனர் ஒன்றை எடுத்து, கல்லா மேசையின் இரும்பு விளிம்பில் இருமுறை தட்டினார்.