மரவள்ளி இலை போட்ட சட்டை

தேனாம்பேட்டையில் எங்கள் விளம்பர ஆபீஸ். அன்றைக்குக் காலையில் மீட்டிங். தி.நகர் துணிக்கடைக்காரர் ஒருவர் காலேஜ் பிள்ளைகளுக்காக டீ-ஷர்ட் தயாரிக்கிறார். நெஞ்சில் கஞ்சா இலை, அதற்கு அடியில் ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையைத் தேடித்தான் இத்தனை பேர் ஏசியில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் டீம் லீடர், அடையாறு பையன், கஞ்சாவுக்கு 'ஃபோர் ட்வென்டி' என்ற பேர் வந்த கதையைச் சொன்னான். அமெரிக்காவில் யாரோ பள்ளிக்கூடப் பையன்கள் சாயங்காலம் நாலு இருபதுக்கு ஒரு சிலையடியில் கஞ்சா இழுக்கக் கூடுவார்களாம், அதுவே உலகம் முழுக்கப் பேராகிவிட்டதாம். என்ன பூரிப்பு அந்த முகத்தில்! ஏதோ இவன் சித்தப்பாவும் கூடப் போன மாதிரி.

"மேடம், நம்ம ஊர் வார்த்தை ஒண்ணு சொல்லுங்க. லோக்கலா, கெத்தா இருக்கணும்" என்று என் பக்கம் திரும்பினான்.

எனக்கு உச்சந்தலைவரை எரிந்தது.

போன வருஷம் அம்மா பாண்டி பஜார் பிளாட்ஃபாரத்தில் தம்பிக்கு ஒரு சட்டை எடுத்தாள். "மரவள்ளி எலைடி, எவ்ளோ அழகா கீது பாரு" என்றாள். கஞ்சா இலை பார்த்தால் அப்படித்தான் இருக்கும். அவள்மேல் தப்பே இல்லை. தம்பியோ பீடி நாற்றத்துக்கே மூக்கைப் பொத்துகிறவன். அம்மா ஆசையாக எடுத்தாளே என்று போட்டுக்கொண்டு வண்டியில் போனான். அடையாறில் செக்கிங். "இன்னாடா கஞ்சா குடிக்கி, சட்டையிலயே வெளம்பரம் போட்டுக்கினு சுத்துறியா?" என்று போலீஸ்காரர் சாவியைப் பிடுங்கினார். பையைக் கொட்டினார்கள், ஸ்டேஷனில் சாயங்காலம்வரை உட்கார வைத்தார்கள், ஒன்றும் கிடைக்காமல் அனுப்பிவிட்டார்கள். இதே சட்டையோடு டீம் லீடர் காரில் போயிருந்தால் எவன் நிறுத்தியிருப்பான்?

ஆதம்பாக்கத்தில் எங்கள் தெருவில் இருக்கும் ஒருவர், அன்றைக்கு அடையாறு வழியாகப் போனபோது எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். தெரு முழுக்கப் பரவ அது போதாதா? தம்பிக்குப் பெண் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. பெண் வீட்டார் வழக்கம்போல் தெருமுனை மளிகைக்கடையில் வந்து விசாரித்தார்கள். "யாரு, அந்த கஞ்சா குடிக்கியா?" என்று கேட்டாராம் கடைக்காரர். மறுநாள் போன் வந்தது, ஜாதகம் பொருந்தவில்லையாம். பொருத்தம் எல்லாம் பார்த்து, மயிலாப்பூர் கோயிலில் பெண்ணும் பார்த்து முடித்த பிறகு! தம்பி இப்போது அந்தக் கடைப் பக்கமே போவதில்லை. அம்மா மரவள்ளிக்கிழங்கு வாங்குவதையே விட்டுவிட்டாள்.

இதையெல்லாம் மீட்டிங்கில் கொட்டித் தீர்த்தேன். "நம்ம ஊர் வார்த்தை வேணுமா? கேட்டுக்கோ. அந்தக் காலத்துல சுருட்டு குடிக்கிறது, பீடி குடிக்கிறதுன்னுதான் சொல்லுவாங்க. அப்படி வந்ததுதான் கஞ்சா குடிக்கி. நீங்க இழுத்தா ஃபோர் ட்வென்டி, என் தம்பி இழுக்கலேன்னாலும் கஞ்சா குடிக்கி!"

டீம் லீடர் தலை குனிந்தான். வெட்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன், பைத்தியக்காரி நான். அவன் அந்த வார்த்தையைப் போனில் குறித்துக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நாளில் முதல் சட்டை தைத்து வந்தது. இலைக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'கஞ்சா குடிக்கி'.

"உங்க வார்த்தை மேடம், முதல் பீஸ் உங்களுக்குத்தான். தம்பிக்குக் குடுங்க, ஜாலியா எடுத்துப்பார்" என்று டீம் லீடர் சிரித்துக்கொண்டே நீட்டினான்.

சைஸ் பார்த்தேன். தம்பி சைஸ்தான். சுருட்டி, நீட்டினவன் மூஞ்சியிலேயே விட்டெறிந்தேன்.

"நீ போட்டுக்கிட்டு எங்க தெருவுக்கு வாடா. உனக்கு எவன் பொண்ணு குடுக்கிறான்னு பாக்கிறேன்."