தண்ணீர் மணியும் ஒரு கொண்டியும்

எங்கள் பள்ளியில் பகலில் மூன்று முறை தண்ணீருக்கென்றே மணி அடிப்போம். பிள்ளைகளுக்கு அது வாட்டர் பெல். மணி கேட்டதும் பாடத்தை நிறுத்திவிட வேண்டும். எல்லோரும் பாட்டிலைத் திறந்து குடிக்க வேண்டும். அவனியாபுரத்துக்கு அப்பால், வெயிலுக்கு ஒதுங்க மரமில்லாத வெளியில் நின்ற அரசுப் பள்ளி அது. நான் சமூக அறிவியல் ஆசிரியை. ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையும் நானே. பங்குனி வெயிலில் ஜன்னல் கம்பியைத் தொட முடியாது. அதனால் அந்த மணி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நாற்பது பாட்டில்கள் ஒரே சமயத்தில் உயர்வதை வாசலில் நின்று பார்ப்பேன்.

பள்ளி விட்டதும் என் வகுப்புப் பெண்கள் பாட்டிலில் மிஞ்சிய தண்ணீரை, வாசலோரம் நட்டிருந்த புங்கங்கன்றுகளுக்கு ஊற்றிவிட்டுப் போவார்கள். அந்தக் கோடையில் ஊரெங்கும் கன்றுகள் கருக, எங்கள் கன்றுகள் மட்டும் ஆளுயரத்துக்கு வளர்ந்தன. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தலைமையாசிரியை அவர்களைப் பாராட்டிப் பேசினார். நானும் கை தட்டினேன். என் வகுப்பைப் பற்றி எனக்கு வேறொரு பெருமையும் உண்டு. பாடம் நடக்கும்போது வெளியே போக வேண்டும் என்று எந்தப் பெண்ணும் எழுந்து நின்றதில்லை. அடக்கமான பிள்ளைகள் என்று ஆசிரியர் அறையில் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

இரண்டாம் பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். புத்தகத்தைப் பார்க்காமலே இந்திய வரைபடத்தை வரைந்து, வைகை ஓடும் இடத்தை மட்டும் நீல மையால் அழுத்திக் காட்டுவாள். அந்தப் பெண் தொடர்ந்து எட்டு நாட்கள் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல், பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று தோழிகள் சொன்னார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஷேர் ஆட்டோ பிடித்து அவள் வீட்டுக்குப் போனேன். செவ்வாய் அவளுடைய அம்மாவுக்கு வார விடுமுறை. நகரத்தில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் அவர் வேலை பார்த்து வந்தார்.

“வாங்க டீச்சர், இப்பத்தான் கஞ்சி குடிச்சுட்டுப் படுத்தா” என்று அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“டாக்டர் என்ன சொன்னாங்க?”

“ஒண்ணுக்குப் போற பாதையில கிருமியாம். கிட்னி வரைக்கும் ஏறிருச்சாம். தண்ணியே குடிக்கிறதில்லையா, எம்புட்டு நேரந்தான் அடக்குவன்னு அந்த டாக்டரம்மா இவளப் போட்டுத் திட்டுது. நான் பக்கத்துலதான நிக்கிறேன். நான் சொல்லிக் குடுத்ததுதான டீச்சர் அது.”

“நீங்களா?”

“காலைல ஒருவாட்டி, ராத்திரி வீட்டுக்கு வந்து ஒருவாட்டி. எனக்கு அதான் பழக்கம். கூட்டம் நிக்கிறப்ப அங்கிட்டு இங்கிட்டு நகர முடியாது. சூப்பர்வைசர் மூஞ்சியப் பாக்கணும். ஆறாப்பு சேந்தப்ப இவ வந்து, பாத்ரூம் சரியில்லம்மான்னு அழுதா. அடக்கிப் பழகுடி, நான் இல்லையான்னேன்.”

பாயில் படுத்திருந்தவள் பக்கம் திரும்பினேன். “அப்ப வாட்டர் பெல் அடிக்கும்போது என்னம்மா செய்வ?”

“பாட்டில வாயில வச்சு, தொண்டைய மட்டும் ஆட்டுவோம் டீச்சர்.”

“எல்லாருமா?”

“பொம்பளப் பிள்ளைக எல்லாரும்.” அந்தச் சோர்விலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. “நீங்கதான் வாசல்லயே நின்னு பாக்குறீங்களே. பெறகு வீட்டுக்குச் சொமந்துட்டுப் போகணுமேன்னு செடிக்கு ஊத்திருவோம்.”

நான் கை தட்டியது நினைவுக்கு வந்தது. அவளுடைய அம்மா பேசினார். “டீச்சர், நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. இனிமே பள்ளிக்கூடத்துக்கு இவள அனுப்புறதா இல்ல. பத்தாவதத் தனியாக்கூட எழுதலாமாம்ல? அப்பறம் எங்க கடையிலயே சேத்து விட்டுர்றேன்.”

“கடையில மட்டும் நெனச்ச நேரம் போக விடுவாங்களா?”

“சூப்பர்வைசர்ட்ட கேட்டா ரெண்டு வாட்டி விடுவாங்க. ஆனா அங்க கதவு பூட்டும் டீச்சர்.”

வீடு திரும்பியபோது என் மகள் சமையலறையில் தன் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளும் ஒன்பதாம் வகுப்பு. பசுமலைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் படித்தாள். “அம்மா, நாளைக்குப் பெரிய பாட்டிலா குடுங்க. மத்தியானமே காலியாயிருது” என்றாள். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே வயது, ஒரே வெயில், ஒரே பாடத்திட்டம். ஒருத்தி தன் பாட்டிலைத் தயங்காமல் குடித்துக் காலி செய்வதற்கு நானும் என் கணவரும் கட்டிய கட்டணமும், அது வாங்கித் தந்த சுத்தமான கழிப்பறையும் காரணம் என்பதை அன்றுவரை நான் யோசித்ததில்லை.

மனித வள மேம்பாடு பற்றி எத்தனையோ ஆண்டுகளாகப் பாடம் நடத்தியிருக்கிறேன். அது குறித்து நிறையப் படித்தும் இருக்கிறேன். பிறக்கும் குழந்தையை இந்த நாடு எடை போட்டுப் பார்க்கிறது. கர்ப்பிணியின் வீட்டுக்குச் செவிலியை அனுப்புகிறது. இடையிலிருக்கும் பதினான்கு வயது, நோய் வராத வயது என்று எல்லோராலும் நம்பப்படுகிறது. அந்த வயதின் உடம்புக்கு எது கிடைக்கும் என்பதைப் பெற்றோரின் வேலையும் அவர்கள் வாழும் தெருவும் அரசு ஒதுக்கும் நிதியும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகின்றன. சேலைப் பிரிவில் நிற்கும் தாயின் கட்டுப்பாடு மகளின் சிறுநீரகம்வரை வந்து சேரும் என்று எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லவில்லை.

மறுநாள் பெண்களின் கழிப்பறைக்குப் போய்ப் பார்த்தேன். மூன்று அறைகள். இரண்டின் கதவுகளுக்குக் கொண்டி இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் பாட நேரத்தில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் வெளியே போகலாம் என்பது என் விதி. கதவைப் பிடிக்க ஆளில்லாததால்தான் ஒருத்தியும் எழுந்து நிற்கவில்லை. மூன்றாவது அறை நல்ல அறை. ஆசிரியைகளுக்கென்று பூட்டி வைத்திருந்தோம். அதன் சாவி என் கைப்பையில் இருந்தது.

அன்றே அந்தப் பூட்டைக் கழற்றினேன். கணக்கு ஆசிரியைக்குக் கோபம் வந்தது. “அப்ப நாம எங்க போறதாம்?”

“பிள்ளைங்களோட வரிசையில நிப்போம்.”

“பத்து நிமிச இடைவேளையிலயா? உங்களுக்கென்ன, உபகாரம் பண்ணிட்டுப் போயிருவீங்க.”

மூன்றாம் நாள் அவர் வரிசையில் எட்டாவது ஆளாக நின்றார். மணி அடித்தும் முறை வரவில்லை. தண்ணீரும் தீர்ந்துவிட்டது. நேரே தலைமையாசிரியை அறைக்குப் போய், இடைவேளை நேரத்தையும் தொட்டித் தண்ணீரையும் பற்றி அவர் எழுப்பிய குரல் மைதானம்வரை கேட்டது. நான் மாதக்கணக்கில் விண்ணப்பம் எழுதியிருந்தாலும் அந்தக் குரலுக்கு ஈடாகியிருக்காது.

அந்த வாரமே பள்ளி மேலாண்மைக் குழு கூடியது. வந்தவர்களில் பெரும்பாலோர் தாய்மார்கள். மதிய உணவு, சைக்கிள், புத்தகம் என்று தலைமையாசிரியை அரசுத் திட்டங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்தார். “சோறு போடுறீக, சைக்கிள் குடுக்கிறீக, யாரு இல்லைன்னா? கதவுக்கு ஒரு கொண்டி போட மாட்டீகளா?” சிரிப்பு அடங்குவதற்குள் அவர் தன் கணவரைக் கைபேசியில் அழைத்துவிட்டார். அவனியாபுரத்தில் அவருக்கு வெல்டிங் பட்டறை. இரண்டு நாளில் அவர் லோடு ஆட்டோவில் இரண்டு தகரக் கதவுகளைக் கொண்டுவந்து மாட்டினார். உள்பக்கம் தடித்த கொண்டி. தண்ணீர்க் குழாய்க்கு நிதி கேட்டு அனுப்பிய கடிதத்துக்கும் தாமதமாகத்தான் என்றாலும் பதில் வந்தது; குழாயும் போட்டார்கள். ஒருவர் ஒருவராகப் போக வேண்டும் என்ற என் விதியை நானே ரத்து செய்தேன். வாட்டர் பெல் அடிக்கும்போது வாசலில் போய் நிற்பதையும் விட்டுவிட்டேன்.

ஆனாலும் இரண்டாம் பெஞ்சில் அந்த இடம் காலியாகவே இருந்தது. அவளுடைய அம்மாவுக்கு இருமுறை தொலைபேசியில் சொல்லிப் பார்த்தேன். இருமுறையும் “பாப்போம் டீச்சர்” என்றார்.

குழாய் போட்ட பிறகு வந்த ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அவர் வந்து நின்றார். மகளைக் கூட்டி வரவில்லை.

“நான் பாக்கணும்” என்றார்.

அழைத்துப் போனேன். கணக்கு ஆசிரியையும் கூடவே வந்தார். அந்த அம்மா உள்ளே போய்க் கொண்டியைப் போட்டுக்கொண்டார். கதவை உள்ளிருந்து இருமுறை பலமாக ஆட்டினார். பிறகு குழாய் திறக்கும் சத்தம். வாளி நிறையும் சத்தம். தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளைப் போல நாங்கள் இருவரும் வெளியே நின்றோம்.

முந்தானையில் கையைத் துடைத்தபடி அவர் வெளியே வந்தார். “கொண்டி நல்லா இருக்கு. தண்ணியும் வருது.”

“அப்ப நாளைக்கு அனுப்புறீங்களா?”

அவர் மறுபடி உள்ளே எட்டிப் பார்த்தார். “யூனிபார்ம் கோட்டக் கழட்டி எங்க மாட்டும் பிள்ளை? ஈரத் தரையிலயா வைக்கும்? ஒரு ஆணி அடிக்க வேணாமா?”

“ஆம்பளைங்க கட்டுனா இப்பிடித்தான்” என்றார் கணக்கு ஆசிரியை.

அலுவலக உதவியாளரைக் கூப்பிட்டேன். சுத்தியலும் இரண்டு ஆணிகளுமாக அவர் வந்தார். “எம்புட்டு உசரத்துலக்கா அடிக்க?” என்று கேட்டார்.

மகள் அங்கே நிற்பதைப் போல அந்த அம்மா தன் காதோரம் கையை வைத்து அளவு பார்த்தார். ஆணி வைக்கப் போன உதவியாளரை நிறுத்தி, கையை இன்னும் நான்கு விரல் உயர்த்தினார்.

“இன்னும் வளருவாண்ணே. கொஞ்சம் ஏத்தியே அடிங்க.”